வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு கிட்டாரை எப்படி வைத்திருப்பது?

நீங்கள் கேட்டது ஸ்டாண்ட் நல்லதா, பெட்டி நல்லதா என்று. ஆனால் கூடவே எழுதிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் கேள்வி அதைவிடப் பெரியது. கடலைப் பார்த்த தொடர்மாடி வீடு, வெள்ளவத்தை, நாலாம் மாடி. கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்து தந்த, முழுமரப் பலகை போட்ட அக்கூஸ்டிக் கிட்டார். வரவேற்பறையில் ஸ்டாண்டில் நிற்கிறது. படுக்கையறையில் மட்டும் இரவில் ஏசி ஓடுகிறது. கொஞ்ச மாதமாகத் தந்திகள் உயர்ந்துவிட்டன, விரல் நோகிறது. பார்த்த வீடியோக்களில் எல்லாம் பெட்டிக்குள் ஈரமூட்டி வைக்கச் சொல்கிறார்கள். தைக்குப் பிறகு ஆறு மாதம் கனடாவில் வேலை, அப்போது தந்திகளைத் தளர்த்திவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக, கொழும்பு மாதிரி வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் ஊரில் மரத்தால் செய்த ஒரு பொருளை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. நான் இந்த ஊரில் நெடுங்காலமாகக் கிட்டார் திருத்தும் வேலை செய்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை. அந்த ஈரமூட்டியைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீடியோக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவின் குளிர்காலத்தைப் பற்றி. அங்கே வெளியே உறைகுளிர், வீட்டுக்குள் ஹீட்டர். அந்தச் சூடான காற்றில் ஈரப்பதன் 20, 30 வீதத்துக்கு இறங்கிவிடும். மரம் சுருங்கி, பலகை வெடிக்கும். ஆகவே அங்கே ஈரம் ஊட்டத்தான் வேண்டும். கொழும்பில் நிலைமை நேர் எதிர். வருடத்தின் பெரும்பகுதி இங்கே காற்றின் ஈரப்பதன் 75 முதல் 85 வீதம் வரை நிற்கிறது. பெரும்பாலான கிட்டார் நிறுவனங்கள் சொல்லும் அளவு 45 முதல் 55 வீதம். ஏற்கெனவே தண்ணீர் குடித்து வீங்கியிருக்கும் மரத்தின் வாயில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே அந்த ஈரமூட்டி செய்யும் வேலை.

வீங்குவது என்று சும்மா சொல்லவில்லை. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 50 வீதமாக இருந்தால் மரம் தன் எடையில் ஏறக்குறைய 9 வீதம் தண்ணீரை வைத்திருக்கும். காற்று 80 வீதத்துக்குப் போனால் மரத்துக்குள் இருக்கும் தண்ணீரும் ஏறக்குறைய 16 வீதத்துக்கு ஏறும். உங்கள் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரமாக இருக்கும், அகலமான இடத்தில் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். இந்த ஈர மாற்றத்துக்கு அந்தப் பலகை குறுக்குவாட்டில் 4 மில்லிமீற்றர் அளவு அகலப் பார்க்கும். நெடுக்குவாட்டில், அதாவது மரத்தின் நரம்பு ஓடும் திசையில், அநேகமாக அசையாது. ஆனால் பலகையின் ஓரங்கள் பக்கச் சுவர்களோடு பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன, உள்ளே குறுக்குச் சட்டங்களும் பிடித்திருக்கின்றன. அகலப் போக வழியில்லாத பலகை என்ன செய்யும்? மேலே எழும்பும். அதன்மேல் ஒட்டியிருக்கும் பிரிட்ஜும், அதாவது தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையும், கூடவே எழும்பும், பிரிட்ஜோடு தந்திகளும் எழும்பும். உங்கள் விரல் நோவுக்கு அநேகமாகக் காரணம் இதுதான்.

அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தந்தி உயர்வதற்கு நெக், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்து, முன்னோக்கி வளைந்திருப்பதும் ஒரு காரணமாகலாம், நெக் உடலோடு சேரும் மூட்டு காலப்போக்கில் சரிந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. தடித்த ஆறாம் தந்தியை முதலாம் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நெக் உடலைச் சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாம் ஃப்ரெட் பக்கத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் புகுந்து வெளிவரும் அளவு இருந்தால் நெக் பரவாயில்லை. அதைவிட நிறைய இருந்தால் நெக் வளைந்திருக்கிறது, அதை நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ரொட் என்னும் உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அப்புறம் ஒரு நேரான அடிமட்டத்தைப் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே வையுங்கள். நல்ல கிட்டாரிலும் அங்கே மெல்லிய மேடு இருக்கும், அது இயல்பு. அடிமட்டம் இரண்டு பக்கமும் எடுப்பாக ஆடினால் பலகை ஈரம் குடித்திருக்கிறது. கடைசியாக, மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். கடதாசி உள்ளே போனால் பிரிட்ஜ் கழன்று வரத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் இனிக் கிட்டார் வாசிக்கும் முன் தந்திகளை இறக்கிவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். மெல்லிய தந்திக் கட்டு ஒன்று சுருதியில் நிற்கும்போது பிரிட்ஜை 70 கிலோவுக்கும் மேலான விசையோடு இழுக்கிறது. விளிம்பு பிரிந்த பிரிட்ஜ் அந்த இழுவையை நெடுநாள் தாங்காது. கழன்று பறக்கும்போது பலகையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும், அதன்பின் செலவு பல மடங்கு.

சரி, இனி என்ன செய்வது? முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஈரப்பதன் மானி ஒன்று வாங்குங்கள், சிறிய டிஜிற்றல் மானியே போதும். மலிவான மானிகள் ஐந்து, பத்து வீதம் பிழையாகக் காட்டுவது சாதாரணம். அதைச் சோதிக்க வீட்டில் உப்பு போதும். ஒரு மூடியில் ஒரு மேசைக்கரண்டி சாப்பாட்டு உப்பை எடுத்து, ஈரமான மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து திரவமாகிவிடக்கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பெட்டி ஒன்றில் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் நிலைக்கும், அது இயற்கை விதி. மானி 80 காட்டினால் அது 5 கூட்டிக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிட்டு, இனிமேல் கழித்து வாசியுங்கள். இப்படிச் சரிபார்த்த மானியை முதலில் வரவேற்பறையில் ஒரு வாரம், பிறகு படுக்கையறையில் ஒரு வாரம் வைத்து, காலை, மதியம், இரவு என்று பார்த்து எழுதுங்கள். வீட்டுக்கு வீடு வித்தியாசம் நிறைய இருக்கும். மரைன் டிரைவ் பக்கம் யன்னல் திறந்திருக்கும் வீடும், காலி வீதிக்கு உட்புறமாகச் சந்துக்குள் இருக்கும் வீடும் ஒன்றல்ல. தை, மாசியில் நண்பகல் வேளை 65 வீதம்வரை இறங்குவதையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் 85க்குக் கீழே வராததையும் நீங்களே பார்ப்பீர்கள்.

எந்த எண்ணைக் குறிவைப்பது என்பதில் வேலை தெரிந்தவர்களுக்கிடையே ஒரே கருத்து இல்லை. நிறுவனங்கள் 50ஐச் சுற்றிச் சொல்கின்றன, ஏனென்றால் அவர்களுடைய தொழிற்சாலைகள் அந்த ஈரப்பதனில்தான் இயங்குகின்றன. கொழும்பில் வருடம் முழுவதும் 50இல் வைத்திருக்க ஏசியோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபயரோ இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரக் கட்டணத்தை விடுங்கள், 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. மின்சாரத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு இந்த நாட்டில் எப்போதும் அரைகுறைதான். என் அபிப்பிராயம் இது: 55 முதல் 65 வீதத்துக்குள் வைத்திருந்தால் கிட்டாருக்குப் போதும். 70க்கு மேல் வாரக்கணக்கில் நிற்கவிடக்கூடாது, அந்த அளவுக்கு மேலேதான் பூஞ்சணமும் பிடிக்கத் தொடங்கும். எண்ணைவிட முக்கியம், அது ஒரு நாளுக்குள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது.

இங்கேதான் உங்கள் படுக்கையறை ஏசி வருகிறது. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள தண்ணீரையும் வடித்து வெளியே விடுகிறது. இரவு முழுக்க ஓடினால் அறை 55, 60க்கு வரும். காலையில் நிறுத்தி யன்னலைத் திறந்தால் ஒரு மணித்தியாலத்தில் 80. கிட்டாரின் மேற்பலகை 3 மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத மெல்லிய மரம், அதன் உட்பக்கத்தில் பொலிஷும் கிடையாது. சில மணித்தியாலங்களிலேயே அது ஈரத்தை வாங்கவும் விடவும் தொடங்கிவிடும். ஏசி அறையில் ஸ்டாண்டில் திறந்தபடி நிற்கும் கிட்டார் ஒவ்வொரு நாளும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் பசை மூட்டுகள் களைத்துப்போகும். அதே அறையில் ஹார்ட் கேஸுக்குள் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிவிடும். எனவே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பதில் இதுதான்: வரவேற்பறை வேண்டாம், படுக்கையறையில் பெட்டிக்குள் வையுங்கள். ஏசிக் காற்று நேரே படும் இடம், குளியலறைச் சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர், யன்னலடி எதுவும் கூடாது. ஆக உள்ளே இருக்கும் சுவர்ப் பக்கம், நிலத்திலிருந்து கொஞ்சம் உயரம். துணிப்பை ஹார்ட் கேஸுக்கு ஈடாகாது. அது காற்றை விடும், மெத்தைப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஹார்ட் கேஸ் இல்லையென்றால் வேறெதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

ஏசி அறை சம்பந்தமாக இன்னொரு ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. கொழும்பில் வெளிக்காற்று 28 பாகை, 80 வீதம் ஈரப்பதன் என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 24 பாகைக்குக் குளிர்ந்ததும் தண்ணீராகப் படியத் தொடங்கும். ஏசியை 22இல் வைத்துத் தூங்கினீர்கள், கிட்டாரும் 22இல் குளிர்ந்து கிடக்கிறது. காலையில் அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனால், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலில் வியர்ப்பதுபோல அதன்மேலும் ஈரம் படியும். தந்தியிலும் ஃப்ரெட்டிலும் மட்டுமல்ல, திறந்த துளை வழியாகப் பொலிஷ் இல்லாத உட்புற மரத்திலும் படியும். பெட்டியை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, முக்கால் மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ அப்படியே விட்டுப் பிறகு திறந்தால் இந்தப் பிரச்சினை வராது. தேவாலயத்துக்கோ நிகழ்ச்சிக்கோ எடுத்துப் போகும்போதும் இதையே செய்யுங்கள்.

இனிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னச் சிலிக்கா ஜெல் பொதி இரண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். கணக்கைப் பாருங்கள். ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் 2 கிலோ அளவு, அதில் ஒன்றரைக் கிலோ மரம் என்று வையுங்கள். 16 வீத ஈரத்திலிருந்து 9 வீதத்துக்கு இறங்க அந்த மரம் 100 கிராம் அளவு தண்ணீரை வெளியே விட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றிலோ 2, 3 கிராம் தண்ணீர்தான் இருக்கிறது. ஈரம் காற்றில் இல்லை, மரத்தில் இருக்கிறது. 5 கிராம் பொதி காற்றை உலர்த்தி முடிப்பதற்குள் மரம் அதை மறுபடி நிரப்பிவிடும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் கிட்டாரை உலர்ந்த அறையில் உலர விட வேண்டும், பிறகுதான் பெட்டி. இரவில் ஏசி ஓடும்போது பெட்டியைத் திறந்து வையுங்கள், காலையில் ஏசியை நிறுத்தும் முன் மூடுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால் மரம் மெல்ல மெல்லத் தன் தண்ணீரை விடும், தந்தி உயரமும் இறங்குவதைக் காண்பீர்கள். அவசரப்பட்டு ஹெயார் டிரையர் பிடிப்பதும் வெயிலில் வைப்பதும் பலகையை வெடிக்க வைக்கும். மரம் உலர்ந்த பிறகு, 200 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி நெக்கின் தலைப்பக்கம் வையுங்கள். பெட்டி வழியாகக் கசிந்து வரும் ஈரத்தை அது பார்த்துக்கொள்ளும். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் இருக்கும் கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செம்மஞ்சள் வகை நல்லது. நிறம் மாறியதும் 110, 120 பாகை அவனில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் மறுபடி பயன்படும். நம் வெயிலில் காயவைத்தால் அரைகுறையாகத்தான் காயும், வெயிலில் இருக்கும் காற்றே ஈரமானது.

ஈரத்தை வாங்கவும் விடவும் செய்து ஈரப்பதனை 49 வீதத்தில் பிடித்து நிறுத்தும் இருவழிப் பொதிகளைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல பொருள்தான், குளிர்நாட்டில் அருமையாக வேலை செய்யும். இங்கே அவை ஒரு வழியில் மட்டும் உழைக்கும். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி உப்பி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். காசுக்குத் தகுமா என்பது உங்கள் பெட்டி எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதைப் பொறுத்தது. அலுமாரிக்குள் வைக்கும், தண்ணீர் சேரும் பிளாஸ்ரிக் டப்பாக்களைக் கிட்டார்ப் பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருப்பது கல்சியம் குளோரைட். சேரும் திரவம் அரிக்கும் உப்புத் தண்ணீர், பெட்டி சரிந்து கொட்டினால் உலோகம், பொலிஷ், மரம் மூன்றும் போகும். அரிசிப் பொட்டலம் பயனில்லை, வண்டு வரும். பூச்சி உருண்டையின் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும், அதையும் தவிருங்கள். பழைய வீடுகளில் அலுமாரிக்குள்ளும் பியானோவுக்குள்ளும் சின்னக் குண்டு பல்ப் எரியவிடும் வழக்கம் இருந்தது. அதன் பின்னால் நியாயம் உண்டு: 28 பாகையில் 80 வீதமாக இருக்கும் காற்றை 31 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 67 அளவுக்கு இறங்கும். அலுமாரியின் அடித்தட்டில், துணியோ மரமோ தொடாதபடி கம்பிக்கூடு போட்டு, அனுபவமுள்ள மின்னியலாளர் இணைத்த 15 வொற் பல்ப் என்றால் சரி. எல்ஈடி பல்ப் போதிய சூடு தராது, அதனால் பயனில்லை. யாரும் இல்லாத வீட்டில் இதை எரியவிட்டுப் போக நான் சொல்லமாட்டேன்.

கடற்காற்றுக்கு வருவோம். உங்கள் வீட்டில் யன்னல் கம்பி கறள் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். காற்றில் வரும் உப்பு தந்தியில் படிந்து, அந்த உப்பே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வியர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தால், பூச்சுள்ள தந்திகளை வாங்க வசதி இல்லாதவருக்கும் தந்தி இரண்டு மடங்கு காலம் வரும். விரற்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. வேண்டாம், அது சிக்குப் பிடித்து நாறும். இந்த ஈர ஊரில் ரோஸ்வுட் பலகைக்கு வருடம் ஒருமுறை அதற்கென விற்கும் எண்ணெய் ஒரு துளி போதும்.

டெங்குக் காலத்தில் எல்லாரும் கையில் நுளம்பு விரட்டி பூசிக்கொள்கிறோம். அதில் டீட் என்னும் இரசாயனம் இருந்தால் கிட்டார்ப் பொலிஷையும் பிளாஸ்ரிக் பாகங்களையும் கரைக்கும். கை வைத்து வாசித்த இடம் அப்படியே பிசுபிசுத்து, முழங்கைத் தடம் நிரந்தரமாகப் பதிந்த கிட்டார்கள் என்னிடம் திருத்த வந்திருக்கின்றன. போத்தலின் லேபலை வாசியுங்கள். டீட் இருந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுக்கைச் சட்டை போட்டு வாசியுங்கள். அதேபோல, விலை கூடிய சில கிட்டார்களுக்கு நைட்ரோசெலுலோஸ் லக்கர் பூச்சு இருக்கும். ஸ்டாண்டின் ரப்பர் அதில் தொட்டுக்கொண்டே இருந்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். உங்கள் கிட்டாரின் பூச்சு எது என்று அதன் மாதிரிப் பெயரைக் கொண்டு நிறுவனத்தின் விவரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பொதுவான பொலியூரித்தேன், பொலியெஸ்ரர் பூச்சுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், திருத்த வரும் பெரிய சேதங்களில் கணிசமானவை விழுந்ததால் வந்தவை. சுவரில் சாய்த்து வைப்பது, கதிரையில் படுக்க வைப்பது, பிள்ளை ஓடும் வழியில் ஸ்டாண்ட் வைப்பது. தலை உடையும் இடம் அநேகமாக ஒன்றுதான், நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் சிறு கட்டைக்கு) பின்னால் நெக் மெலியும் பகுதி. தினமும் எடுத்து வாசிக்கக் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால், உட்சுவர் ஒன்றில் ரோல் பிளக் அடித்து உறுதியாக மாட்டிய சுவர்க் கொக்கி ஸ்டாண்டைவிட நல்லது. மழை மாதங்களில் அதிலிருந்து எடுத்துப் பெட்டியில் வையுங்கள். காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் சூடு 60 பாகையை நெருங்கலாம், அந்தச் சூட்டில் பசை இளகும்.

இனி உங்கள் ஆறு மாதப் பயணம். தந்திகளைத் தளர்த்துவதா என்பதில் திருத்துபவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. உருக்குத் தந்திக் கிட்டார் சுருதியில் நிற்பதற்காகவே கட்டப்பட்டது, தொடாதே என்பது ஒரு கட்சி. வாசிக்காத காலத்தில் ஏன் வீண் இழுவை என்பது இன்னொரு கட்சி. முழுவதும் தளர்த்தக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உள்ளே டிரஸ் ரொட் தந்திகளின் இழுவைக்கு எதிராக நெக்கைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. எதிர் இழுவை இல்லாமல் ஆறு மாதம் விட்டால் நெக் பின்னால் வளையும். முழுச் சுருதியிலும் விடாதீர்கள் என்பதற்கு என் காரணம் நம் காலநிலை. வீட்டில் ஆள் இல்லை, ஏசி இல்லை, நீங்கள் இல்லாத மாதங்களில் தென்மேற்குப் பருவமழை வேறு வருகிறது. பலகை வீங்க, தந்தி இழுக்க, பிரிட்ஜ் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச்சுரம் அல்லது இரண்டு முழுச்சுரம் இறக்குங்கள், அதாவது ஈ தந்தியை டீக்கோ சீக்கோ கொண்டுவந்து, மற்றவற்றையும் அதே அளவு. இது உறுதியான விதி அல்ல, நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் நடுவழி. நைலோன் தந்திக் கிட்டாருக்கும் இதே அளவு இறக்கினால் போதும்.

ஒலியை அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் இருந்தால் அதன் 9 வோல்ற் பற்றரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் கசிந்தால் முழு மின்சுற்றும் நாசம். பெட்டிக்குள் உணவுத் துகள், ஈரத் துணி, பழைய கடதாசி எதுவும் இருக்கக்கூடாது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் நிலத்தில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், கறையான் சுவர் வழியாகத்தான் வரும். உங்கள் நாலாம் மாடிக்கு வெள்ளம் வராது. ஆனால் இதை வாசிக்கும் வேறு யாராவது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கீழ்வீட்டில் இருந்தால், 2016 மே மாதம் களனி ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அலுமாரிக்கு மேலே வைக்கட்டும்.

இதையெல்லாம் செய்தாலும் பூட்டிய வீட்டில் ஆறு மாதம் என்பது நல்ல ஏற்பாடு அல்ல. மாதம் ஒருமுறை வந்து பெட்டியைத் திறந்து, மானியைப் பார்த்து, சிலிக்கா ஜெல்லை மாற்றி, மாவு மாதிரித் தூளும் குண்டூசித் துளையும் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்தத் தூள் மரம் துளைக்கும் வண்டின் அடையாளம், கண்டால் உடனே கிட்டாரைப் பெட்டியிலிருந்து பிரித்துவிட வேண்டும். இதைவிட நல்லது, வாசிக்கத் தெரிந்த, ஏசி அறையுள்ள ஒரு நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது. பூஞ்சணம் பிடித்தால் கிட்டாரை வெயிலில் வைக்காமல், நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் சில பூச்சுகளைக் கரைக்கும், ஆகவே அது வேண்டாம். வெற்றுப் பெட்டியை மட்டும் நல்ல வெயிலில் திறந்து காயவிடலாம்.

கிட்டாரையும் கனடாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், மேலே சொன்னது முழுவதும் தலைகீழாகும். 80 வீதக் காற்றில் ஊறிய மரத்தை மாசிக் குளிரில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் திறந்து வைத்தால், சில வாரத்தில் ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறும், பலகை குழியும், வெடிக்கவும் கூடும். நீங்கள் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த அந்த ஈரமூட்டியை அப்போது கூடவே எடுத்துப் போங்கள். போவதற்கு முதல் ஒரு மாதம் இங்கேயே ஏசி அறையில் 55 வரை உலர்த்தி, விமானத்துக்குத் தந்திகளை இரண்டு சுரம் இறக்கி, போய்ச் சேர்ந்த பின் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் வீட்டுச் சூட்டுக்குப் பழக விடுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் அந்தக் கடதாசிச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். பிரிட்ஜ் கழன்றிருந்தால் மரத்தை உலர்த்தி மறுபடி ஒட்டிக் கிளாம்ப் போட்டு விட நாள் எடுக்கும், பயணத்துக்கு முதல் வாரம் கொண்டுவந்தால் யாராலும் ஒழுங்காகச் செய்து தர முடியாது.